புது டவர் வேண்டாம், இருக்கிற டவரின் ஆன்டெனாவைச் சாய்த்துக் கொடுங்கள்

எங்கள் பகுதிக்கு சேவை தரும் அலைபேசி நிறுவனத்தின் நெட்வொர்க் பொறியாளர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் சின்னதாக ஒரு செல்போன் கடை வைத்திருக்கிறேன். "அண்ணா, நாலு கோடும் காட்டுது, பணம் மட்டும் போக மாட்டேங்குது" என்று நாளைக்குப் பத்துப் பேராவது போனை நீட்டுகிறார்கள். புகார் கொடுத்தால், உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று பதில் வருகிறது. அது பொய்யில்லை. சிக்கலே அதுதான்.

போன வாரம் கடை வாசலில் நின்று அளந்து பார்த்தேன். சிக்னலின் பலம் மைனஸ் 82 டிபிஎம் (பலத்தை அளக்கும் அலகு). அதில் குறையே இல்லை. ஆனால் தரம் மைனஸ் 2 டெசிபல், அதாவது நமக்கு வேண்டிய அலையைவிட வேண்டாத அலை அதிகம். எங்கள் டவரின் அடையாள எண் 121. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் முகட்டில் நிற்கும் டவருக்கு 307. இரண்டையும் 3-ஆல் வகுத்தால் மீதி 1. 4ஜி-யில் இப்படி அமைந்தால் போன் சிக்னலை அளக்க இரு டவர்களும் அனுப்பும் குறிப்பு சமிக்ஞைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 504 எண்கள் இருக்கும்போது இந்த இரண்டுதானா கிடைத்தன?

சமவெளியில் தூரத்து டவரின் அலையைக் கட்டடங்கள் மறைத்துக்கொள்ளும். இங்கே எதிர் முகடு கண்ணுக்கு நேரே நிற்கிறது, நடுவில் வெறும் பள்ளம். அந்த முகட்டு டவரின் ஆன்டெனாவை ஒரே ஒரு டிகிரி கீழே சாய்த்தால், 3 கிலோமீட்டர் தள்ளி அதன் அலைக் கற்றை 50 மீட்டர் போல இறங்கிவிடும். எங்கள் தெருவுக்கு அதுவே பெரிய உதவி.

5ஜி-யில் 64 ஆன்டெனா வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆளைப் பார்த்துக் கற்றையைக் குவிக்கவும், பக்கத்து டவரின் ஆட்கள் இருக்கும் திசையில் அடக்கி வாசிக்கவும் அதற்குத் தெரியும், சரி. ஆனால் ஆள் எங்கே என்பதை போன் அனுப்பும் பைலட் சமிக்ஞையை, அதாவது டவருக்கு முன்பே தெரிந்த ஒரு சோதனை அலையை, வைத்துத்தானே கண்டுபிடிக்கிறது? எதிர் முகட்டுப் போனும் அதே பைலட்டை அனுப்பினால் டவர் குழம்பி, கற்றையில் ஒரு பங்கை அங்கேயும் வீசும். ஆன்டெனாவைக் கூட்டிக்கொண்டே போவதால் மட்டும் இது தீராது என்று இந்தப் பல ஆன்டெனா முறையை முன்வைத்த ஆராய்ச்சியாளர் தாமஸ் மார்செட்டா 2010-லேயே எழுதிவிட்டார். அதனால் எதிரெதிர் முகடுகளுக்கு வேறு வேறு பைலட் பிரித்துக் கொடுங்கள்.

மே மாத சீசனுக்கு முன்னால் இரண்டு பேரை அனுப்புங்கள். ஒருவர் எதிர் முகட்டில் சாய்வை மாற்றட்டும், இன்னொருவர் என் கடை வாசலில் சிக்னலின் தர அளவைப் படிக்கட்டும். வரும்போது சில்லறை கொண்டுவரச் சொல்லுங்கள், பக்கத்து டீக்கடையில் ஸ்கேன் பண்ணினால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு செல்போன் கடைக்காரர், கோத்தகிரி