பக்கத்து மையம் வேண்டாம் என்பவர்களுக்காக

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல் பக்கம் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போய்வரும் தன்னார்வலன் நான். என் கோரிக்கை ஒன்றுதான். எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் ஏஆர்டி மாத்திரையை எந்த ஊர் அரசு மையத்தில் வாங்குவது என்பதை அதை விழுங்குகிறவரே முடிவு செய்யட்டும்.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டன. அதனாலோ என்னவோ, இதைப் பட்டணத்து நோயாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் நாடு முழுக்கத் தொற்று உள்ளவர்கள் நகரத்தில் 0.35 சதவீதம், கிராமத்தில் 0.25 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். கிராமத்து மக்கள்தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் தலைக்கணக்கில் கிராமம்தான் முந்தும். எங்கள் பக்கம் லாரிக்குப் போகாத ஆள் குறைவு. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறினால் வெளிமாநிலத்தில் மாதக்கணக்கில் வேலை. ஊர் எல்லையைத் தாண்டாத மனைவிக்குக் கர்ப்பகாலப் பரிசோதனையில்தான் விஷயம் தெரியவரும்.

சரி, சதவீதம் கிடக்கட்டும். பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சென்னையில் வரிசையில் நிற்பவரை யாருக்கும் தெரியாது. இங்கே தாலுகா மருத்துவமனையில் சீட்டு போடுபவர் சொந்தக்காரர், மருந்து எடுத்துக் கொடுப்பவர் பக்கத்துத் தெரு. வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர், "என்னக்கா, மாசாமாசம் வர்றீங்க, உடம்புக்கு என்ன?" என்று அக்கறையாகத்தான் கேட்பார். அந்த அக்கறைக்குப் பயந்துதான் உள்ளூர் மையத்தைத் தாண்டிச் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா பஸ் ஸ்டாண்டிலேயே மருந்து டப்பாவின் லேபிளைக் கிழித்துப் போட்டுவிடுவார். மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றி, குலுங்கும் சத்தம் கேட்காமல் இருக்க மேலே பஞ்சை அடைப்பார். இதற்காக ஒரு நாள் கூலி போகிறது. அவருக்கு அது பெரிதில்லை.

"நல்லா இருக்கீங்க, இனி உங்க ஊர்லயே வாங்கிக்கலாம்" என்று அவரைக் கேட்காமலேயே ஒரு நாள் மாற்றிவிட்டார்கள். மாற்றியவர்கள் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். அவர் இரண்டு மாதம் எங்குமே போகவில்லை. தினம் ஒரு மாத்திரை தவறாமல் போட்டு, ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவில் அடுத்தவருக்குப் பரவாது. விட்டால் வைரஸ் மறுபடி ஏறும். அலைச்சலைக் குறைக்கப் போய் சிகிச்சையையே நிறுத்த வைத்துவிட்டோம்.

2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. ஆனால் கிராமத்து ஆஸ்பத்திரியில் எவரும் வாய் திறக்க வேண்டியதே இல்லை. தனி அறை, கதவின் மேல் போர்டு, அதற்கு எதிரே பெஞ்சு, அது போதும்.

அந்தப் போர்டை எடுத்துவிட்டு, மருந்தைப் பொது மருந்தகத்தின் வழியாகவே கொடுக்கலாம். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தால் தூரத்து மையமும் சுமையாகாது. அப்புறம் முக்கியமானது: மையம் மாற்றுவதற்கு முன் "இது உங்களுக்குச் சம்மதமா?" என்று தனியாகக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். சம்மதமில்லை என்று சொன்னால் காரணம் கேட்காதீர்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை, உங்கள் சுற்றறிக்கை ஒன்றே போதும்.

இப்படிக்கு,
நாமக்கல் மாவட்டத் தன்னார்வலர் ஒருவர்