ஜூரி சம்மன் வந்திருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டிலிருந்து ஜூரி சம்மன் வந்திருக்கிறது, வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்காரக் கூப்பிடுகிறார்கள், என்ன சாக்குச் சொல்லித் தப்பிக்கலாம் என்று கேட்டிருந்தாய். "எனக்குச் சட்டம் ஒன்றும் தெரியாதேம்மா" என்றும் எழுதியிருந்தாய். சட்டத்தை நீதிபதி எடுத்துச் சொல்வார். சாட்சி உண்மை பேசுகிறாரா, சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபணமாகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை. அதற்குக் காதும் பொறுமையும் போதும்.

நீ போகத்தான் வேண்டும். இந்த அமெரிக்காவில் சட்டம் போடுவது காங்கிரஸ் என்கிற நாடாளுமன்றம். வழக்கு நடத்துவது அதிபருக்குக் கீழே இருக்கும் அரசு வழக்கறிஞர்கள். ஃபெடரல் நீதிபதியை நியமிப்பது அதிபர், ஒப்புதல் தருவது காங்கிரஸின் மேலவையான செனட். இத்தனை பேரும் ஒன்று சேர்ந்தாலும், பெரிய குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் "நான் செய்யவில்லை, ஜூரி வேண்டும்" என்று நின்றுவிட்டால், நம்மைப் போன்ற 12 பேர் ஒருமனதாகச் சொல்லாமல் அவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. 1787-இல் எழுதிய அரசியலமைப்பிலேயே ஜூரி இருக்கிறது. 1791-இல் வந்த ஆறாவது திருத்தம் அதை இன்னும் உறுதியாக்கியது.

ஆனால் அந்தத் திருத்தம் அப்போது மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. மாநிலங்கள் எப்படி நடந்துகொண்டன என்று தெரிய, கேரி டங்கன் வழக்கைத் தேடிப் படி. 19 வயதுக் கறுப்பின இளைஞர். 1966-இல் லூயிசியானாவில் காரில் போகும்போது, தன் உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேர் ரோட்டோரத்தில் நான்கு வெள்ளைக்காரப் பையன்களோடு நிற்பதைப் பார்த்தார். அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளியில் அந்த இருவரும் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். ஏதோ வம்பு என்று இறங்கிப் போய் அவர்களைக் காரில் ஏறச் சொன்னார். கிளம்பும் நேரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையனின் முழங்கையில் அவர் கை பட்டது. அடித்தார் என்றது ஒரு தரப்பு, சும்மா தொட்டார் என்றது இன்னொரு தரப்பு. யார் சொல்வதை நம்புவது? டங்கன் ஜூரி கேட்டார். மாநிலம் மறுத்தது. ஒரே ஒரு நீதிபதி விசாரித்து 60 நாள் ஜெயில், 150 டாலர் அபராதம் என்றார்.

1968-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868-இல் வந்த 14-ஆவது திருத்தத்தின்படி மாநிலங்களும் ஜூரி கொடுத்தே ஆக வேண்டும் என்றது. இதைச் சொல்ல நூறு வருஷம் ஆகியிருக்கிறது! அதன் பிறகும் லூயிசியானாவிலும் ஆரிகனிலும் 12-இல் 10 பேர் சொன்னாலே தண்டனை என்ற வழக்கம் இருந்தது. அது செல்லாது என்று 2020-இல்தான் தீர்ப்பு வந்தது. மறுத்துச் சொன்ன இருவரின் பேச்சு எடுபடாமல் எத்தனை பேர் உள்ளே போனார்களோ, நினைத்தால் மனசு கொதிக்கிறது.

ஜூரி தப்பே செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரையும் கலைவாணரையும் 1945-இல் குற்றவாளிகள் என்றது சென்னை ஜூரிதான். 1947-இல் விடுதலையாகி வந்தார்கள். அதனால்தான் நிதானமாக யோசிக்கிறவர்கள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்கிறேன். ஜூரிப் பட்டியலிலிருந்து பெண்களை ஒதுக்கக் கூடாது என்று இங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே 1975-இல்தான். நீயாக ஏன் ஒதுங்க வேண்டும்?

நான் இங்கே கவுண்டி கோர்ட்டில் (நம்ம ஊர் மாவட்டக் கோர்ட் மாதிரி) ஜூரியாக இருந்தபோது, நாங்கள் உள்ளே வரும்போதெல்லாம் வக்கீல்கள் எழுந்து நின்றார்கள், நீதிபதியும் எழுந்து நின்றார். முதல் நாள் எனக்குக் கை காலெல்லாம் நடுங்கியது.

அப்புறம், பெரும்பாலான வழக்குகள் குற்றத்தை ஒப்புக்கொள்வதிலேயே முடிந்துவிடுகின்றன. அதனால் நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டுத் திரும்பவும் நேரலாம். ஒரு புத்தகமும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள். ஆபீஸில் சம்மனைக் காட்டு, ஜூரிக்குப் போனதற்காக உன்னை வேலையை விட்டு எடுக்க முடியாது. நாளைக்கு 50 டாலர் தருவார்கள். தேர்வு செய்யும்போது கேட்கிற கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி சொல். அந்தத் தேதியில் நிஜமாகவே முடியாதென்றால் தள்ளிவைக்கச் சொல்லி இந்த வாரமே எழுதிப் போடு.

அன்புடன்,
அம்மா