கப்பல் கிளம்பும் முன்பே கூப்பிடுங்கள்: புதிதாக இறக்குமதியில் இறங்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இறக்குமதியாளர்களுக்கு,

வணக்கம். நான் சுங்க முகவர், அதாவது இறக்குமதியாளர் சார்பில் சுங்கத்துறையில் சரக்கை விடுவித்துக் கொடுப்பவன். வெளிநாட்டிலிருந்து முதல்முறையோ இரண்டாம் முறையோ சரக்கு வரவழைக்கும் சிறு வணிகர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களில் இந்த வேலைக்கென்றே தனித் துறை இருக்கும். நீங்களோ கணக்கு, விற்பனை, வங்கி, கப்பல் என்று எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்க்கிறீர்கள். அதனால் கண்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால் அடி முழுக்க உங்கள் மேல்தான் விழுகிறது.

எங்களுக்கு வரும் முதல் போன் பெரும்பாலும் "கப்பல் நாளைக்கு வந்துடும், சீக்கிரம் எடுத்துக் கொடுங்க" என்றுதான் இருக்கும். அந்த நேரத்தில் எங்களால் செய்ய முடிவது ரொம்பக் குறைவு. இன்வாய்ஸ் போட்டாயிற்று, பெட்டி கட்டியாயிற்று, சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் என்ற ஆவணமும் வந்தாயிற்று. பிழை எதுவாக இருந்தாலும் காகிதத்தில் ஏறிவிட்டது. துறைமுகத்தில் நிற்கும் சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சப்ளையரின் மேசையிலோ உங்கள் ஆர்டரிலோ பல வாரங்களுக்கு முன்பே உருவாகியிருக்கும். ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆர்டரை உறுதி செய்வதற்கு முன் உங்கள் முகவரிடம் பேசிவிடுங்கள்.

முதலில் பேச வேண்டியது, சரக்கு என்ன என்பது. விளையாட்டாகச் சொல்லவில்லை. இன்வாய்ஸில் "ஆடைகள்", "உதிரி பாகங்கள்", "பரிசுப் பொருட்கள்" என்று மொட்டையாக ஒரு வரி போட்டு அனுப்புகிற சப்ளையர்கள் நிறையப் பேர். சுங்க அதிகாரிக்கு அந்த வரியிலிருந்து எதுவும் தெரியாது. டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னலாடை என்றால், பொருட்களை எண் கொடுத்து வகைப்படுத்தும் எச்.எஸ். அட்டவணையில் 61ஆம் அத்தியாயம். தறியில் நெய்த துணியில் தைத்த சட்டை என்றால் 62ஆம் அத்தியாயம். பின்னலாடை டி-ஷர்ட்டிலும் பருத்திக்கு ஒரு எண், மற்ற இழைகளுக்கு வேறு எண். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்திருந்தால் எடையில் எது அதிகமோ அதை வைத்து முடிவு செய்வார்கள். வெறும் "ஆடைகள்" என்ற வரி இவை எதற்கும் பதில் சொல்லாது. "ஆண்கள் டி-ஷர்ட், பின்னலாடை, 60 சதவீதம் பருத்தி, 40 சதவீதம் பாலியஸ்டர், இத்தனை எண்ணம், ஒன்றின் விலை இவ்வளவு" என்று இருந்தால் கேள்விக்கே இடமில்லை. சப்ளையருக்கு இப்படி எழுத ஐந்து நிமிடம் கூட ஆகாது. ஆனால் நீங்கள் கேட்டால்தான் எழுதுவார்.

சப்ளையர் தரும் எச்.எஸ். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகச் சுங்க அமைப்பின் இந்த அட்டவணை 1988 முதல் நடப்பில் இருக்கிறது. முதல் 6 இலக்கங்கள்தான் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் வருபவை அந்தந்த நாடு தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்பவை. அவர் தரும் 8 அல்லது 10 இலக்க எண் அவருடைய நாட்டுக்கானது. உங்கள் நாட்டில் அதே எண்ணுக்கு வேறு வரி இருக்கலாம், அப்படி ஒரு எண்ணே இல்லாமலும் போகலாம். அட்டவணையும் அவ்வப்போது திருத்தப்படுகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2022 பதிப்பு. அடுத்தது 2028 ஜனவரி 1 அன்று அமலாகும். பழைய கோப்பில் இருந்த எண்ணை எடுத்துப் போடுவதால் வரும் சிக்கல்கள் கொஞ்சநஞ்சமல்ல.

எண் விஷயத்தில் உண்மையிலேயே குழப்பம் என்றால் முன்கூட்டியே தீர்ப்பு கேட்கும் வழி இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. பொருளின் வகைப்பாடு, பிறப்பிட நாடு ஆகியவை பற்றிச் சுங்கத்துறையிடம் எழுத்துப்பூர்வமாக முன்தீர்ப்பு பெற அதில் இடம் உண்டு. அப்படிக் கிடைத்த தீர்ப்பு சுங்கத்துறையைக் கட்டுப்படுத்தும். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரவழைப்பவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஆனால் சிறு வணிகர்கள் இதைக் கேட்பதே அபூர்வம். இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது என்பது என் வருத்தம்.

அடுத்து அனுமதிகள். உணவு, மருந்து, அழகுசாதனம், விதை, பொம்மை போன்றவற்றுக்குச் சுங்கம் தவிர வேறு துறைகளின் ஒப்புதலும் தேவைப்படும். இது பலருக்குத் தெரிந்ததுதான். புளூடூத் இருக்கிற ஒரு சின்ன ஸ்பீக்கர் என்றால்? வானொலி அலை பயன்படுத்தும் கருவி என்பதால் பல நாடுகளில் தகவல்தொடர்புத் துறையின் சான்று கேட்பார்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருந்தால், பேட்டரியைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்லலாமா என்று பார்க்கும் யு.என். 38.3 சோதனையின் சுருக்க அறிக்கை இல்லாமல் ஏற்றுவதே சிரமம். சில உரிமங்களின் தேதி கப்பலில் சரக்கு ஏறிய தேதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. சரக்கு வந்த பிறகு விண்ணப்பித்தால் அங்கே யாரும் உதவ முடியாது.

சரி, பொருளும் எண்ணும் அனுமதியும் தெளிவாகிவிட்டன. இப்போது காகிதங்கள். இன்வாய்ஸ், பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றும் ஒன்றோடொன்று அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். 500 அட்டைப்பெட்டிக்கு இன்வாய்ஸ் போட்டிருப்பார்கள். கண்டெய்னரில் இடம் போதாமல் கடைசி நேரத்தில் 2 பெட்டியை இறக்கி வைத்துவிடுவார்கள். ஏற்றுமிடத்தில் இருப்பவர் பேக்கிங் லிஸ்டில் 498 என்று திருத்துவார். இன்வாய்ஸ் போட்டவருக்கு அந்தச் செய்தி போகாது. இங்கே அதிகாரியின் முன்னால் ஒரு காகிதம் 500 என்கிறது, இன்னொன்று 498 என்கிறது. நமக்கு அது சாதாரண விஷயம். அவருக்கோ, சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பில் சொன்னது உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்பதற்கான அறிகுறி. அவர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்வது நியாயம்தான். கண்டெய்னரைச் சோதனைக்களத்துக்கு நகர்த்த வேண்டும், ஆள் வைத்து இறக்க வேண்டும், எண்ண வேண்டும், திரும்ப அடுக்க வேண்டும். பொதுவாக அதன் செலவும் உங்களுடையது, போகிற நாட்களும் உங்களுடையவை.

இதைத் தவிர்க்க வழி எளிது. சரக்கு ஏற்றி முடிந்ததும், பில் ஆஃப் லேடிங் இறுதியாவதற்கு முன், மூன்றின் வரைவையும் மின்னஞ்சலில் வாங்கி உங்கள் முகவருக்கு அனுப்புங்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, பெட்டி எண்ணிக்கை, மொத்த எடை, நிகர எடை, கண்டெய்னர் எண், சீல் எண் எல்லாவற்றையும் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம். வரைவில் ஒரு எழுத்தை மாற்ற ஒரு மெயில் போதும். கப்பல் நிறுவனம் சரக்குப் பட்டியலைச் சுங்கத்தில் தாக்கல் செய்த பிறகு அதே எழுத்தை மாற்றத் தனி விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் வரும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொருள் இரும்பாக இருக்கும், ஆனால் அதைத் தாங்கும் பேலட் மரமாக இருக்கும். பதப்படுத்தாத மரத்தில் பூச்சிகள் பயணம் செய்யும் என்பதால் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி இருக்கிறது. வழக்கமான வெப்பமூட்டும் முறையில் மரத்தின் உட்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்க வேண்டும். அப்படிச் செய்த பேலட்டில் கோதுமைக் கதிர் போன்ற சின்னம், நாட்டின் இரண்டெழுத்துக் குறி, தயாரிப்பாளர் எண், முறையைக் குறிக்கும் எழுத்துகள் ஆகியவை அழுத்தமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த முத்திரை இல்லையென்றால் உள்ளே இருக்கும் பொருள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரக்கு நிற்கும். திருப்பி அனுப்பவும் சொல்லலாம். கண்டெய்னர் கதவை மூடும் முன் முத்திரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விலை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன், மன்னிக்கவும். வரியைக் குறைக்க இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லும் யோசனை எங்கிருந்து வந்தாலும் கேட்காதீர்கள். அதே பொருள் மற்றவர்களுக்கு என்ன விலைக்கு வந்தது என்ற தகவல் சுங்கத்துறையிடம் இருக்கிறது. மாட்டினால் அபராதத்தோடு போகாது. ஆபத்து அதிகமுள்ள இறக்குமதியாளர் என்று உங்கள் பெயர் பதிவாகிவிட்டால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு சரக்கும் சோதனைக்குப் போகும். நேர்மையாக இருப்பவர்களும் இந்த இடத்தில் சறுக்குவதுண்டு. சப்ளையருக்கு நீங்கள் இலவசமாகக் கொடுத்த வார்ப்பு அச்சு (மோல்ட்), தனியாகக் கட்டும் ராயல்டி போன்றவை பொருளின் சுங்க மதிப்பில் சேர வேண்டியிருக்கும். இலவச மாதிரிக்கும் ஒரு மதிப்பைக் காட்டியே ஆக வேண்டும். பூஜ்யம் என்று போட்ட இன்வாய்ஸ் நேராகக் கேள்விக்குத்தான் போகும்.

விலையை நிரூபிக்க ஆர்டர், விலைப் பேச்சு நடந்த மெயில்கள், வங்கிப் பணப் பரிமாற்றச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். மதிப்பு பற்றிய முடிவு இழுத்துக்கொண்டே போனால், போதுமான உத்தரவாதம் கொடுத்துச் சரக்கை எடுத்துக்கொள்ள இறக்குமதியாளருக்கு வழி இருக்க வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கு முடியும் வரை பொருள் அங்கேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. இதை உங்கள் முகவரிடம் நீங்களே கேளுங்கள்.

அப்புறம் பில் ஆஃப் லேடிங்கின் அசல். பயணம் குறுகியது என்றால் கப்பல் வந்துவிடும், அசல் இன்னும் வங்கியிலோ கூரியரிலோ இருக்கும். அசலைக் காட்டாமல் சரக்கைத் தரமாட்டார்கள். பணம் முழுக்கக் கட்டிவிட்ட, பழகிய சப்ளையர் என்றால் டெலக்ஸ் ரிலீஸ் அல்லது சீ வேபில் கேளுங்கள்; இரண்டிலும் அசல் இங்கே வந்து சேராமலே சரக்கை எடுக்கலாம். கண்டெய்னரைக் கட்டணமில்லாமல் வைத்துக்கொள்ளும் இலவச நாட்களையும் கப்பல் பதிவு செய்யும்போதே பேசி வாங்குங்கள். அந்த நாட்கள் முடிந்தும் கண்டெய்னர் துறைமுகத்துக்குள் நின்றால் டெமரேஜ் என்ற கட்டணம், வெளியே எடுத்துப் போய்க் காலிப் பெட்டியைத் திருப்பித் தர நாளானால் டிடென்ஷன் என்ற கட்டணம். பெரும்பாலும் நாள் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும். கண்டெய்னரை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் அடுத்தவர் சரக்கில் பிரச்சினை வந்தால் உங்களுடையதும் சேர்ந்து நிற்கலாம். தேதி தவறக்கூடாத சரக்கை அப்படி அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் கப்பல் வரும் முன்பே அறிவிப்பைத் தாக்கல் செய்யலாம். வர்த்தக வசதி ஒப்பந்தம் இதற்கும் வழி செய்கிறது. கேள்வி எழுந்தால் கூட அதற்குப் பதில் சொல்லும் நாட்கள் சரக்கு கடலில் இருக்கும் நாட்களாக இருக்கும். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, பொருளின் தொழில்நுட்ப விவரம் தெரிந்த ஒருவரைப் போனில் கிடைக்கும்படி வைத்திருப்பது. அதிகாரி கேட்பது பெரும்பாலும் "இது எதற்குப் பயன்படுகிறது, எதில் செய்தது" என்பதுதான். பதில் அன்றைக்கே போனால் கோப்பு அன்றைக்கே நகர வாய்ப்புண்டு. மூன்று நாள் கழித்துப் போனால் கோப்பு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

அடுத்த ஆர்டருக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் பொருளின் படம், எதில் செய்தது என்ற விவரம், சப்ளையரின் உத்தேச இன்வாய்ஸ் மூன்றையும் உங்கள் முகவருக்கு அனுப்பி வையுங்கள். இறக்குமதி செய்ய முடியாத பொருள் என்றால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கும்போது சொல்லிவிட எங்களால் முடியும்.

அன்புடன்,
ஒரு சுங்க முகவர்