சீமெந்து விலையை யார் மாற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் இணையத்தளம் தொடங்க வேண்டும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். தொடங்கட்டும், எனக்குத் தொழிலே அதுதான். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஒரு தையல் கடையின் மேல்மாடியில் இருந்து ஒன்பது வருடமாக இதைச் செய்து வருகிறேன். ஆனால் அதை எந்த முறையில் செய்விப்பது என்று ஒருவரும் எழுதுவதில்லை. முதலாளிமாருக்கு அது விளங்காது என்று நினைக்கிறார்கள் போலும். வீடு கட்டும்போது ஓடா சீற்றா என்று கேட்காமல் கொந்தராத்துக் கொடுப்போமா?

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2018 இல் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வேர்ட்பிரஸ்ஸில் தளம் செய்து கொடுத்தேன். வேர்ட்பிரஸ் 2003 இல் வந்த இலவச மென்பொருள். இன்று உலகத்து இணையத்தளங்களில் 40 வீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதில் குறை இல்லை, குறை என்னுடையது. படம் தானாக நகர ஒரு பிளகின் (தளத்தோடு சேர்க்கும் சின்ன மென்பொருள்), முற்பதிவுப் படிவத்துக்கு ஒன்று, பூ உதிர்வதுபோல் காட்ட ஒன்று (அது அவர் மகளின் ஆசை) என்று 23 பிளகின் போட்டேன். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் எழுதியது, ஒவ்வொன்றையும் விடாமல் அப்டேட் பண்ண வேண்டும். மண்டபத்து ஐயாவுக்குக் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் பத்திரமாக லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். இரண்டு வருடம் ஒருவரும் உள்ளே போகவில்லை, அப்டேட்டும் பண்ணவில்லை. அந்த ஓட்டையால் கள்ளன் புகுந்துவிட்டான். ஆவணி நெருங்கும்போது பெண்வீட்டார் ஒருவர் மண்டபத்தைப் பார்க்கப் பக்கத்தைத் திறந்தால் அங்கே சூதாட்டக் கடை ஓடுகிறது. ஐயா ஏசவில்லை. "பிள்ளை, இதென்ன, கடுதாசிக் கூட்டம் எல்லாம் தெரியுது" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு 2022 வந்தது. 200 ரூபாவில் நின்ற டொலர் 360 வரை போனது. ஹோஸ்டிங் காசு, அதாவது தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடத்தின் வாடகை, டொலரில் கட்டுவது. வருடத்துக்கு 80 டொலர் என்றால் முன்பு 16,000 ரூபா, அந்த வருடம் 28,800 ரூபா. பரந்தனில் அரிசி மில் வைத்திருக்கும் அண்ணை "தங்கச்சி, டீசலுக்கே வழியில்லை, இதை நிப்பாட்டு" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அவருடைய தளத்தில் இருந்ததே ஐந்து பக்கம். மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி என்று அரிசி விவரம், மில்லுக்கு வரும் வழி, தொலைபேசி இலக்கம். அதில் மாற்றம் வருவது வருடத்தில் இரண்டு தரம், காலபோக அறுவடைக்குப் பிறகு ஒருமுறை, சிறுபோகத்துக்குப் பிறகு ஒருமுறை. அதற்குப் போய் விவரங்களைச் சேமித்து வைக்கும் ஒரு தரவுத்தளத்தை இரவு பகலாக ஓட விட்டிருக்கிறேன்.

வேர்ட்பிரஸ் பொதுவாக ஆள் வந்து கேட்ட பிறகுதான் தரவுத்தளத்தில் எடுத்துப் பக்கத்தைச் சமைக்கும். வெறும் எச்டிஎம்எல் (இணையப் பக்கம் எழுதும் மொழி) பக்கம் முன்கூட்டியே சமைத்து மூடி வைத்த சோறு. வந்தவருக்கு எடுத்துக் கொடுப்பது மட்டுமே வேலை. கள்ளன் புகுந்து குழப்புவதற்கு உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. இப்படியான பக்கங்களை இலவசமாக வைத்திருக்க இடம் தரும் சேவைகளும் உண்டு, டொமைன் பெயருக்கான (தளத்தின் முகவரிப் பெயர்) காசு மட்டும்தான் செலவு. மில் அண்ணையின் தளத்தை அப்படியே மாற்றினேன். அது 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்கள். இணையம் இல்லாமல் லாப்டொப் பற்றரியிலேயே முழுப் பக்கத்தையும் எழுதி, கரண்ட் வந்ததும் ஏற்றிவிட்டேன்.

உடனே எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. வந்த எல்லோருக்கும் வெறும் பக்கம்தான் என்று நின்றேன். புதுக்குடியிருப்பு ஹார்ட்வெயார் முதலாளி அந்தக் கனத்தை இறக்கினார். அவருக்குச் சீமெந்து, கம்பி, பெயின்ற் எல்லாம் விலைப்பட்டியலோடு வேண்டும். விலை மாறும்போதெல்லாம் வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்: "தங்கச்சி, சீமெந்து கூடிட்டு, மாத்திவிடு." ஒரு மாதத்தில் 40 தரம். சில நாள் நான் பார்க்கப் பிந்திவிடும், ஆட்கள் பழைய விலையைக் காட்டிச் சண்டை பிடிப்பார்கள். இதற்கும் வேர்ட்பிரஸ்தான் வழி என்று திரும்ப நினைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், அந்த மனிசன் கடைக் கணக்கு முழுவதையும் போனில் கூகிள் ஷீற்றில்தான் எழுதுகிறார். பக்கம் அந்த ஷீற்றைப் படித்து விலையைக் காட்டும்படி செய்துவிட்டேன். அவர் போனில் எண்ணை மாற்றுவார், சில நிமிடத்தில் தளத்தில் மாறிவிடும். அதன்பிறகு அவர் எனக்குக் குரல் அனுப்புவது பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் மட்டும்தான்.

இப்போது யார் வந்தாலும், கட்டி முடிந்த பிறகு இதை யார் தொடுவார், எத்தனை நாளுக்கு ஒருக்கால் தொடுவார் என்பதுதான் நான் முதலில் கேட்பது. நிறம் பற்றிப் பிறகு பேசுவோம். நாளாந்தம் செய்தி போடுகிற ஆளோ, ஓடர் எடுத்துக் காசு வாங்குகிற கடையோ என்றால் வேர்ட்பிரஸ்தான், ஆனால் பிளகின் ஐந்தைத் தாண்டவிடமாட்டேன், பராமரிப்புக்கு மாதக் காசும் கேட்பேன். மற்றவர்களுக்கு வெறும் பக்கம். என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருவர் மில்லின் ஐந்து பக்கத்தையும், பெரிய செயலிகளுக்குப் பயன்படும் ரியாக்ட்டில் எழுத வேண்டும் என்று இரண்டு நாள் வாதாடினார். நல்ல கெட்டிக்காரன். நெல்லு மூட்டை ஒன்றை ஏற்ற லொறி பிடிக்கிற வயசு அது.

ஒவ்வொரு தளத்தையும் அடியிலிருந்து தொடங்குவதையும் விட்டுவிட்டேன். வெறும் பக்கங்களைச் சமைத்துத் தரும் ஹியூகோ என்ற இலவச மென்பொருளில் ஒரு பொது அச்சு வைத்திருக்கிறேன். வட்ஸ்அப் பொத்தான், வரைபடம், தமிழ், ஆங்கிலம், தேவையானால் சிங்களம் என்று எல்லாம் அதில் தயார். நான்கு எம்பி போன் படத்தை 150 கேபிக்குச் சுருக்குவதும் அதுவே. சிக்னல் குறைந்தாலும் திறக்கிறதா என்று ஒட்டுசுட்டான் பக்கம் பஸ்ஸில் போகும்போது தளத்தைத் திறந்து பார்த்துத்தான் ஒப்படைப்பேன். முன்பு மூன்று கிழமை எடுத்த வேலை இப்போது நான்கு நாளில் முடிகிறது. மிச்ச நாளெல்லாம் படத்துக்கும் எழுத்துக்கும் காத்திருப்பதுதான். அந்த எழுத்தும் அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக வரும். பாமினி கண்ணுக்குத் தமிழ், கணினிக்கோ ஆங்கில எழுத்துக் குப்பை. அப்படியே ஏற்றினால் "கிளிநொச்சி அரிசி மில்" என்று தேடுபவருக்கு அகப்படாது. கணினிக்கும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றிய பிறகும் எழுத்துப்பிழை பார்க்க அரை நாள் போகும்.

இன்னொன்றையும் முதலாளிமார் தயவுசெய்து கவனிக்க வேண்டும். முல்லைத்தீவில் கருவாடு விற்கும் ஒரு அக்காவுக்கு வெளியூர் நிறுவனம் ஒன்று தளம் செய்து கொடுத்தது. டொமைனைத் தங்கள் பெயரிலேயே பதிந்துவிட்டார்கள். அடுத்த வருடம் அவர்களின் தொலைபேசி வேலை செய்யவில்லை, பெயரும் போய்விட்டது. பைக்கற்றில் எல்லாம் பழைய முகவரியை அச்சடித்திருந்த அக்கா, அதற்கு மேல் ஸ்ரிக்கர் ஒட்டி விற்றார். டொமைன் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முற்பணம் கொடுக்க முன் கேளுங்கள். டொட் கொம் பெயரைப் பத்து வருடத்துக்கு ஒன்றாகவே பதியலாம், கையில் காசு இருக்கும்போது அதைச் செய்யுங்கள்.

மண்டபத்து ஐயாவின் தளத்தைச் செலவு வாங்காமல் வெறும் பக்கமாக மாற்றிக் கொடுத்தேன். பூ மட்டும் இப்போது உதிர்வதில்லை. மகளுக்கு அதில் இன்னும் கொஞ்சம் மனவருத்தம்.

இப்படிக்கு,
இணையத்தளம் செய்யும் ஒருத்தி,
கரடிப்போக்கு, கிளிநொச்சி.