எதிரே தெரிகிற அந்தத் தீவு

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சரோஜா சீட்டை எடுத்துவிட்டாள், இனிமேல் அவளைப் பிடிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பீட்டரின் ஓட்டல் வேலை, மீன் விலை, சீஷெல்ஸ் தலைநகர் விக்டோரியாவில் பிள்ளையார் கோயில் பார்த்தது எல்லாம் விலாவாரியாக எழுதிவிட்டு, கரையில் நின்றால் எதிரே தெரிகிற கூசான் தீவை மட்டும் "சும்மா காடு, ஒண்ணுமில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாயே! பக்கத்துப் பிராலின் தீவில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுத எப்படியடி மனசு வந்தது? அந்தப் பெயரைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போதும் அதையே பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காட்டில் ஒரு குருவி இருக்கிறது. சீஷெல்ஸ் கதிர்க்குருவி. மங்கலான பழுப்பு நிறம், எடை 15 கிராம் அளவுதான். ஒரு காலத்தில் உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் அந்த 29 ஹெக்டேர் தீவில் மட்டுமே மிஞ்சியிருந்தது. காட்டை அழித்துத் தென்னை வைத்துவிட்டார்கள். 1960களில் மொத்தமே 30க்கும் குறைவு. 1968இல் சர்வதேசப் பறவைப் பாதுகாப்புக் குழு தீவையே விலைக்கு வாங்கியது. பிறகு தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டு, பழைய மரங்கள் தாமாகத் தழைக்க விட்டார்கள். 1980களின் தொடக்கத்திலேயே குருவிகள் 300ஐத் தாண்டிவிட்டன.

அந்தப் பழைய மரம் எது தெரியுமா? எங்கள் கொல்லையில் கிணற்றோரம் நிற்கிற லச்சக்கொட்டை! வாயுப்பிடிப்புக்கு அடையில் அரைத்துப் போட உன் அம்மா பறித்துப் போவார்களே, அதேதான்; அறிவியல் பெயர் பிசோனியா. இங்கே வெளிறிய மஞ்சள் இலையோடு சாதுவாக நிற்கிறது, அது காய்த்து நான் பார்த்ததே இல்லை. அங்கே அதுதான் காடு. கிளைகளில் கூடு கட்டும் ஆலா என்ற கடற்பறவைகளின் இறகில் அதன் பசை விதைகள் அப்பிக்கொள்ளும். அதிகம் ஒட்டிவிட்டால் பறக்க முடியாமல் அந்தப் பறவை செத்தேபோகும். நம் கதிர்க்குருவிக்கோ சாப்பாடே அந்த இலைகளின் அடிப்பக்கத்தில்தான், பூச்சி பூச்சியாகப் பொறுக்கித் தின்னும். தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் உப்பு தெறித்துக் கரையோர மரங்கள் இலை கருகி உதிர்ந்துவிடும், பூச்சியும் போய்விடும். தீவின் நடுவில் இருக்கும் குடும்பத்துக்குச் செழிப்பு, கரையில் இருப்பதற்குப் பஞ்சம். உப்புக்காற்று என்ன செய்யும் என்று காசிமேட்டுக்காரிக்கு நான் சொல்ல வேண்டாம்.

இனி வருவதை நிதானமாகப் படி. இந்தக் குருவி பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். தீவில் நல்ல இடமெல்லாம் யாரோ ஒருவர் கையில் இருக்கும். அதனால் வளர்ந்த பெண் குஞ்சுகளில் பல அம்மாவோடேயே தங்கி, அடுத்துப் பிறந்ததற்கு இரை ஊட்டும். யான் கோம்டூர் என்ற டச்சு ஆய்வாளர் 1980களிலிருந்து இவற்றைக் கவனித்து வந்தார். உதவிக்கு ஆளில்லாத ஜோடிகளில், பூச்சி குறைந்த இடத்தில் இருப்பவை பெற்ற குஞ்சுகளில் 77 சதவீதம் ஆண். ஆண் பிள்ளை கிளம்பிப் போய்விடும், இருக்கிற கொஞ்சம் பூச்சிக்குப் பங்கு கேட்காது. பூச்சி நிறைந்த இடத்தில் ஆண் 13 சதவீதம்தான், மற்றதெல்லாம் கூட நின்று உழைக்கப் போகும் பெண்கள். அங்கேயும் ஏற்கெனவே இரண்டு பேர் உதவிக்கு இருந்தால் மறுபடி ஆண் குஞ்சு பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தச் சின்ன உடம்பு முட்டையிடும் முன்பே இத்தனை கணக்குப் போடுகிறது, ஸ்டெல்லா!

எனக்குப் பெரியக்காதான் கண்ணில் வந்தாள். எங்களுக்குச் சோறு ஆக்கிப்போட்டே அவள் வயசு போனது. தெரு என்னவெல்லாம் பேசியது என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குருவிகள் சும்மா உழைத்துத் தேய்வதில்லை. சில, அம்மாவின் கூட்டிலேயே தன் முட்டையையும் இடுகின்றன. பிள்ளை வளர்த்துப் பழகியவை பின்னால் தன் கூட்டை நன்றாக நடத்துகின்றன. இளையவளிடம் இடத்தைப் பறிகொடுத்த கிழட்டுத் தாய்களில் சில அங்கேயே நின்று பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுகின்றன. இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சங்கரா மீனைக் கழுவிக்கொண்டே கேட்டவள், "அந்தக் கிழவிக்கு யாராச்சும் ஊட்டுறாங்களா?" என்றாள். அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

பயமும் இருக்கிறது. இந்தக் குருவி கடல் தாண்டாது. பக்கத்துக் கூசீன் தீவு 1.6 கிலோமீட்டர்தான், அங்கேகூடத் தானாகப் போய்க் குடியேறவில்லை. இதன் உறவான பிளைத் நாணல் கதிர்க்குருவி ஐரோப்பா, மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வந்து குளிர்காலத்தில் நம் வேலிப்புதரில் 'டக் டக்' என்று கத்துகிறது! எல்லாம் ஒரே தீவில் இருந்தால் ஒரு நோயோ, படகில் வந்த எலியோ போதும், மொத்தமும் போய்விடும். அதனால் மனிதர்களே தூக்கிக்கொண்டு போய் விட்டார்கள்: 1988இல் அரீட் தீவுக்கு 29, 1990இல் கூசீனுக்கு 29, 2004இல் டெனிஸ் தீவுக்கு 58, 2011இல் ஃப்ரெகேட்டுக்கு 59. இப்போது ஐந்து தீவுகளில் வாழ்கிறது. ஐந்துமே குட்டித் தீவுகள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் திக்கென்றுதான் இருக்கிறது.

பீட்டருக்கு லீவு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லாதே, தனியாகவே போ. வார நாட்களில் காலையில் பிராலினிலிருந்து படகு போகும். எலி ஏறிவிடக் கூடாது என்று அந்தப் படகைக் கரையில் விடமாட்டார்கள். தீவுக்காரர்கள் தங்கள் படகில் வந்து உன்னை ஏற்றிக்கொள்வார்கள். புடவை வேண்டாம், சுடிதார் போட்டுக்கொள். லச்சக்கொட்டை மரத்தடியில் நின்று இலைகளின் அடிப்பக்கத்தைப் பார். குருவி சீட்டி அடிக்கிற மாதிரி பாடும். காலில் நிற வளையம் மாட்டியிருப்பார்கள், எந்தக் காலில் என்ன நிறம் என்று குறித்து எழுது. அக்காவும் கேட்டிருக்கிறாள்.

அன்புடன்,
வசந்தி