பெரியம்மாவுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்

வெண்ட்வொர்த்வில், சிட்னி

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரியம்மா பக்கத்தில் இருந்ததால் அன்று தொலைபேசியில் சுருக்கமாக முடித்துக்கொண்டேன். அவர் கேட்டதுபோல, அவருடைய மருமகள் மெல்பர்ன் பக்கம் டாண்டினோங்கில் கிளினிக்குக்குப் போகும்போது நான் இங்கிருந்து தொலைபேசியில் மொழிபெயர்த்துக் கொடுக்க முடியாது, அம்மா. மனம் இல்லாமல் சொல்லவில்லை. காரணத்தை எழுதினால், நீங்கள் பெரியம்மாவின் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லிவிடுவீர்கள்.

"வீட்டில்தானே இருக்கிறாய், அதென்ன வேலை?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். பின்னறையில் ஒரு மேசை, காதில் மாட்டும் கருவி, குறிப்பெழுத ஒரு கொப்பி. கதவைச் சாத்தினால் அதுதான் என் கந்தோர். இங்கே அரசாங்கம் நடத்தும் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 1973இலிருந்து இருக்கிறது. 131 450 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். டார்வினில் ஒரு டாக்டருக்குத் தமிழ் வேண்டுமென்றாலும், பேர்த்தில் ஒரு பள்ளிக்கூட அதிபருக்கு வேண்டுமென்றாலும் என் அறையில் மணி அடிக்கலாம். மாதச் சம்பளம் கிடையாது; எடுத்த அழைப்புக்குத்தான் காசு. நாட்டி என்ற அமைப்பின் பரீட்சையில் தேறித்தான் இதற்கு வந்தேன். அந்தச் சான்றிதழையும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அழைப்பு வந்தால் என் பெயரைச் சொல்வதில்லை, இலக்கத்தைத்தான் சொல்வேன். பிறகு இரண்டு பக்கத்திலும் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். "அவருக்கு நெஞ்சு நோகிறதாம்" என்று சொல்லக்கூடாது. "எனக்கு நெஞ்சு நோகிறது" என்று அவராகவே பேச வேண்டும். ஆள் முகம் தெரியாது. "பிள்ளை, இந்த இடத்தில்தான் குத்துகிறது" என்று ஒரு அம்மா தொட்டுக் காட்டுவார். எனக்குக் கேட்பது குரல் மட்டும். டாக்டர் எதிரே இருந்தால் கையைப் பார்த்துக்கொள்வார். அவரும் தொலைபேசியில் இருந்தால், விலா எலும்புக்கு மேலா கீழா, முன்னுக்கா பின்னுக்கா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நானும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்வேன். மாத்திரையின் பெயர், அளவு, திகதி மூன்றையும் கொப்பியில் குறித்துக்கொள்வேன். அழைப்பு முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்து அழித்துவிடுவேன்.

அதனால்தான் "இன்று என்ன கதை?" என்று நீங்கள் கேட்டால் நான் சமையலைப் பற்றிக் கதைக்கிறேன். கேட்டது எதையும் வெளியில் விடக்கூடாது. உங்களிடமும் சொல்லக்கூடாது. மேய்ஸ் ஹில் முருகன் கோவிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது, பின்னால் கேட்கும் குரல் நான் காதோடு கேட்ட குரலாக இருக்கலாம். திரும்பிப் பார்க்காமல் நிற்பேன். அவர்கள் தங்கள் வீட்டுக்குச் சொல்லாததையெல்லாம் என் காதில் சொல்லியிருக்கிறார்கள். கோவிலுக்கு நிம்மதியாக வந்துபோக வேண்டாமா? 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் தொண்ணூறாயிரத்துக்கு மேல். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் யாரை எடுத்தாலும் இரண்டு பேர் தள்ளித் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

இப்போது மச்சாளின், பெரியம்மாவின் அந்த மருமகளின், விஷயம். அவள் எங்கள் வீட்டுப் பெண். டாக்டர் ஏதும் பாரமான செய்தி சொன்னால், என் வாய் தானாக அதை மெதுவாக்கும். தன் புருஷனான எங்கள் தம்பியைப் பற்றி அவள் ஏதும் சொல்ல நினைத்தால், கேட்டுக்கொண்டிருப்பது அவனுடைய அக்கா என்று விழுங்கிவிடுவாள். உறவுக்காரருக்கு மொழிபெயர்க்க வேண்டாம் என்ற எங்கள் தொழில்விதி சும்மா வந்ததல்ல. தம்பியையும் மொழிபெயர்க்க விட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவனுக்கு இங்கிலிஷ் நன்றாகத் தெரியும், பாசமும் இருக்கிறது. ஆனால் கர்ப்பிணிப் பெண்ணிடம் கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்குப் புருஷன் வாய் வழியாக மறுமொழி சொல்ல முடியாது.

அப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனது நினைவிருக்கிறதா? டாக்டர் படத்தைக் காட்டிச் சிங்களத்தில் நெடுநேரம் விளக்கினார். பக்கத்தில் நின்ற சிற்றூழியர், "ஒன்றும் பயமில்லையாம், மாத்திரையை விடாமல் போடட்டாம்" என்று இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார். நல்ல மனிதர், தெரிந்த தமிழில் உதவினார். ஆனால் "அவ்வளவு நேரம் என்னதான் சொன்னவர்?" என்று ரயில் கிளிநொச்சி தாண்டியும் நீங்கள் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். 1987இலேயே அரசியலமைப்பில் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியாகிவிட்டது. அந்த வார்ட்டுக்கு அது வந்து சேரவில்லை. டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் கேட்க அப்பாவுக்கு உரிமை இருந்தது, அம்மா. இங்கே ஒவ்வொரு அழைப்பிலும், டாக்டர் ஒரே விஷயத்தை மூன்று தரம் சொன்னாலும், மூன்று தரமும் சொல்கிறேன்.

மச்சாள் செய்ய வேண்டியது இதுதான். கிளினிக் திகதி எடுக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லி எழுதிக்கொள்ளச் செய்ய வேண்டும். பெண்தான் வேண்டுமென்றால் அதையும் கேட்கலாம். அரசாங்க வைத்தியசாலையில் இதற்கு அவள் காசு கட்டத் தேவையில்லை. யாருக்கும் கரைச்சல் கொடுப்பதாக அவள் கூச்சப்படக்கூடாது. டாக்டருக்கும் அது தேவைதான். வருகிற மொழிபெயர்ப்பாளர் சொல்வது விளங்கவில்லை என்றால், "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கட்டும். தமிழ்நாட்டுக்காரர் வந்தாலும் பயப்பட வேண்டாம். இரண்டு பேரும் கொஞ்சம் ஆறுதலாகப் பேசினால் போதும்.

நானும் அவளைக் கைவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எடுத்து, மச்சாளாக எவ்வளவு நேரமும் கதைப்பேன். பிள்ளைப்பேற்றுக்கு ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போய் நின்று சமைத்துக் கொடுக்கவும் யோசித்திருக்கிறேன். சரக்குத் தூள் இடிக்கும் பக்குவத்தைப் பெரியம்மாவிடம் கேட்டு அனுப்புங்கள். பிள்ளை பிறக்கும் மாதத்தையும் சரியாகக் கேளுங்கள், இப்போதே டிக்கெட் போட்டால்தான் மலிவு.

அன்புடன்,
உங்கள் மூத்த மகள்