சொன்ன சொல் சமையல்காரரையும் சென்றடைய வேண்டும்

மலையகப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

என் மகள் மூன்றாம் தரத்தில் படிக்கிறாள். கச்சான், அதாவது நிலக்கடலை, அவளுக்கு ஒவ்வாது. முதலாம் தரத்தில் சேர்த்தபோதே அலுவலகத்தில் இதைச் சொல்லி, வைத்தியர் எழுதித் தந்த துண்டையும் கொடுத்தேன். அதை வாங்கிக் கோவையில் வைத்தார்கள். பிறகு வகுப்பாசிரியர் மாறினார். புதிதாக வந்த ஆசிரியைக்கு விடயம் தெரியாது. காலை உணவு சமைத்துக் கொண்டுவரும் அம்மாவிடம் யாரும் சொல்லவே இல்லை. வாணி விழாவுக்குப் பிரசாதம் செய்த பெற்றோருக்கும் அப்படியே. இதில் எவர் மீதும் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு தாய் சொன்ன சொல், அதைத் தெரிந்திருக்க வேண்டியவர்களிடம் போய்ச் சேருவதற்குப் பாடசாலையில் ஒரு வழி இருக்க வேண்டும்.

ஒவ்வாமை என்றதும் பலரும் சொறி, தடிப்பு என்றே நினைக்கிறார்கள். "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று அக்கறையோடு சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து எந்தப் பிள்ளையிடமும் அதைச் செய்து பார்க்காதீர்கள். பக்கத்து லயத்தில் ஒரு வாய் ரொட்டியைத் துவையலில் தொட்டுச் சாப்பிட்டாள் என் மகள். முதலில் உதட்டோரம் அரித்தது. கண் இமைகள் வீங்கின. பிறகு விடாத இருமல். குரல் கம்மி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாமல் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் துவையலில் கச்சான் ஒரு பிடிகூட இருந்திருக்காது. வைத்தியசாலையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. அடங்கியது சில மணி நேரத்தில் திரும்ப வரலாம் என்பதால் இரவு முழுவதும் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

ஆசிரியர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அரிப்புக்குக் கொடுக்கும் பாணி மருந்து தடிப்பைக் குறைக்கும். மூச்சடைப்பை அது நிறுத்தாது. மூச்சு இழுத்தாலோ, குரல் மாறினாலோ, தலைசுற்றி விழுந்தாலோ அட்ரினலின்தான் மருந்து, அதுவும் தாமதமில்லாமல். பிள்ளையை நடக்க வைக்கவோ திடீரென எழுப்பி நிறுத்தவோ கூடாது. படுக்க வைக்க வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரலாம்.

மலையகத்தில் இந்தத் தாமதம்தான் பெரிய அச்சம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் தோட்டத்துப் பாடசாலைக்கு அது வளைந்து வளைந்து மலையேறி வர வேண்டும். மழை நாளில் பாதையில் மண் சரிந்திருக்கும். சில இடங்களில் தொலைபேசிக்குச் சிக்னலே கிடைக்காது. ஆகவே எந்த வைத்தியசாலை கிட்ட இருக்கிறது, யாருடைய வாகனத்தைக் கேட்கலாம், யார் பிள்ளையோடு போவது என்பதை அவசரம் வருவதற்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். பிள்ளையின் படம், ஒவ்வாத உணவு, முதலில் தெரியும் அறிகுறி, செய்ய வேண்டியது, அழைக்க வேண்டிய இலக்கங்கள். இவ்வளவையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு பிரதியை வகுப்பாசிரியரின் வரவு இடாப்பிலும் இன்னொன்றைச் சமைப்பவரிடமும் மற்றொன்றைச் சிற்றுண்டிச்சாலையிலும் வையுங்கள். ஆசிரியர் மாறினால் இடாப்போடு அந்தத் தாளும் கைமாறட்டும். மருத்துவப் பரிசோதனைக்காகப் பாடசாலைக்கு வரும் சுகாதார வைத்திய அதிகாரியிடம், ஆசிரியர்களுக்கு இதுபற்றி அரை மணி நேரம் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கச்சான் மட்டுமல்ல, பால், முட்டை, மீன், இறால், கோதுமை என்று ஒவ்வாமை எதிலும் வரலாம். நெத்தலியும் முட்டையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையான சத்து. அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று சமைப்பவருக்குத் தெரிந்தால் போதும். கச்சான் பொரித்த எண்ணெயிலேயே வடை சுடக் கூடாது, துவையல் எடுத்த கரண்டியைக் கழுவாமல் சோற்றில் போடக் கூடாது என்பதும் அவருக்குச் சொல்லப்பட வேண்டும்.

இடைவேளையில் ஒரு பிள்ளையின் ரொட்டி நான்கு பிள்ளைகளின் வாய்க்குப் போகும். அந்தப் பழக்கம் கெட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் மகளைத் தனியே ஒரு மூலையில் உட்கார வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. "இவளுக்குக் கச்சான் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் மூச்சடைக்கும்" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அவளுடைய தோழி ஒருத்தி, மிக்சர் பொதியை நீட்டுவதற்கு முன் "இதில் கச்சான் இருக்கிறதா பார்" என்று இப்போதே கேட்கிறாள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆசிரியரைப் பார்க்கப் பகலில் வந்தால் தோட்டத்தில் வேலை செய்யும் எங்களுக்கு அரைப் பெயர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அதனாலேயே பல தாய்மார் பிள்ளையிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை அதை எப்படிச் சொல்லும்? ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணையில் இதற்கென்று ஒரு பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். சமைப்பவரையும் அழையுங்கள். வைத்தியர் தந்த துண்டையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் தர மாணவி ஒருத்தியின் தாய்,
பொகவந்தலாவை